எல்கேஜி குழந்தைக்கு 26 செ.மீ. நாற்காலி போதும்... ஏன்? வகுப்பறை பர்னிச்சர் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஜூன் மாசம் நெருங்கினாலே பெற்றோர் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஃபீஸ் எவ்வளவு? வேன் வருமா? இங்கிலீஷ் மீடியம் இருக்கா? ஆனா, தினமும் நாலஞ்சு மணி நேரம் குழந்தை எதுல உட்காரப் போகுதுன்னு கேட்பவர்கள் குறைவு.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். சிப்காட், சூளகிரி, பாகலூர், தேன்கனிக்கோட்டைன்னு சுத்துவட்டாரம் முழுக்கத் தொழிற்சாலைகள். அம்மா, அப்பா ரெண்டு பேரும் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடுகளில், குழந்தை அங்கன்வாடியிலோ, பிளே ஸ்கூலிலோ, கம்பெனி காப்பகத்திலோதான் பகல் பொழுதைக் கழிக்குது.

இன்னொரு பக்கம், அரசுப் பள்ளிகளுக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் வருது. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் தலைவராக அறிவிக்கப்பட்டவர் வேணு சீனிவாசன். அவருடைய டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தின் ஆலை இருப்பது ஓசூரில்தான். ஆக, இந்தப் பகுதியில் பர்னிச்சர் வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கு. ஒருமுறை வாங்கினா அது பல வருஷம் ஓடும். தப்பான அளவில் வாங்கினாலும் அதே பல வருஷம்தான். அத்தனை வருஷமும் வர்ற பிள்ளைகள் அதுலதான் உட்காரணும்.

அப்போ எதைப் பார்த்து வாங்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

நாற்காலி பெருசா இருந்தா என்ன பிரச்னை?

நாம வீட்டில் உட்காரும் சாதாரண நாற்காலியின் சீட் தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரத்தில் இருக்கும். 4 வயதுக் குழந்தையை அதுல உட்கார வச்சா கால் தரையைத் தொடாது, தொங்கும்.

கால் தொங்கினா தொடைக்கு அடியில் சீட்டின் விளிம்பு அழுத்தும். அந்த அழுத்தத்தைக் குறைக்கக் குழந்தை முன்னாடி சறுக்கி வரும். முன்னாடி வந்ததும் முதுகுக்குப் பிடிமானம் போயிடும், உடம்பு கூனும். கால் ஊன்றாமல் உடம்பு ஆடிக்கிட்டே இருந்தா கையும் நிலையா நிக்காது. கிரேயான் பிடிக்கவும், கோடு போடவும் பழகுற வயசில் இது பெரிய இடைஞ்சல்.

"இவன் ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்கிறான்" என்று நாம சொல்லும் புகாரில் பாதிக்குக் காரணம் நாற்காலியாகவும் இருக்கலாம். குழந்தையைத் திட்டும் முன் அதன் பாதம் தரையில் பதியுதான்னு ஒருமுறை குனிஞ்சு பார்ப்பது நல்லது.

சரி, எவ்வளவு உயரம் இருக்கணும்?

இந்தியாவில் பள்ளி மேசை, நாற்காலிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4837 என்ற பரிந்துரை இருக்கு. ஐரோப்பாவில் இ.என். 1729 என்ற தரநிலை பின்பற்றப்படுது. ஐரோப்பியத் தரநிலையில் ஒரு நல்ல வசதி என்னன்னா, அது குழந்தையின் வயசைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்குது. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எண், ஒரு நிறம். சின்னக் குழந்தைகளுக்கான அளவுகள் இவை:

* குழந்தையின் உயரம் 80 முதல் 95 செ.மீ. வரை: சீட் உயரம் 21 செ.மீ., மேசை 40 செ.மீ. (வெள்ளை)
* 93 முதல் 116 செ.மீ. வரை: சீட் 26 செ.மீ., மேசை 46 செ.மீ. (ஆரஞ்சு)
* 108 முதல் 121 செ.மீ. வரை: சீட் 31 செ.மீ., மேசை 53 செ.மீ. (ஊதா)
* 119 முதல் 142 செ.மீ. வரை: சீட் 35 செ.மீ., மேசை 59 செ.மீ. (மஞ்சள்)

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 4 வயதில் ஆண் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 103 செ.மீ., பெண் குழந்தைக்குக் கிட்டத்தட்ட அதேதான். 5 வயதில் சுமார் 110 செ.மீ. அப்படின்னா எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு 26 செ.மீ. நாற்காலியும் 46 செ.மீ. மேசையும் பொருந்தும். பெரியவங்க நாற்காலியில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம்!

'3 - 6 வயது' என்று லேபிள் ஒட்டியிருந்தா போதாதா?

போதாது. இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்திய அளவில் இது 35.5 சதவீதம். அதாவது, நம்ம மாநிலத்திலேயே நாலில் ஒரு குழந்தை. இந்தக் கணக்கில் வரும் 4 வயதுக் குழந்தையின் உயரம் 95 செ.மீ.க்கும் கீழே இருக்கும். அதே வகுப்பில் 110 செ.மீ. உயரத்தில் இன்னொரு குழந்தை உட்கார்ந்திருக்கும்.

வயசைப் பார்த்து ஒரே அளவில் 40 செட் ஆர்டர் போட்டா, சத்துக் குறைவால் ஏற்கெனவே பின்தங்கி நிற்கும் குழந்தைக்குத்தான் முதலில் கால் தொங்கும். அதனால ஒரு வகுப்புக்குக் குறைஞ்சது ரெண்டு அளவாவது வேணும். பெரும்பங்கு 26 செ.மீ., கொஞ்சம் 21 செ.மீ., யுகேஜியா இருந்தா கொஞ்சம் 31 செ.மீ. இந்தக் கலவையை வகுப்பில் உள்ள பிள்ளைகளின் உயரத்தைப் பார்த்து முடிவு பண்ணலாம். அங்கன்வாடியில் உயரமும் எடையும் எப்படியும் பதிவாகுது. அந்தப் பதிவேட்டைத் திறந்தாலே பாதி வேலை முடிஞ்சது.

டேப் வச்சு அளப்பது எப்படி?

இதுக்கு இன்ஜினியர் தேவையில்லை. தையல் டேப் போதும்.

* குழந்தையைச் செருப்போ ஷூவோ போட்டபடி உட்கார வைங்க. குதிகாலிலிருந்து முழங்காலின் பின்பக்க மடிப்பு வரை அளங்க. சீட் உயரம் அதே அளவு, அல்லது ஒரு செ.மீ. குறைவு.
* முதுகு சாய்ந்து உட்காரும்போது, சீட்டின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் ரெண்டு விரல் நுழைய இடம் வேணும். நுழையலேன்னா சீட் நீளம் அதிகம்.
* கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினா, மேசையின் மேற்பரப்பு முழங்கைக்குச் சமமாகவோ ஒரு சில செ.மீ. மேலாகவோ இருக்கணும். சின்னப் பிள்ளைகளுக்கு சீட்டுக்கும் மேசைக்கும் வித்தியாசம் சுமார் 20 செ.மீ.
* மேசைக்கு அடியில் தொடை இடிக்காம இருக்கணும். டிராயர் வச்ச மேசைகளில் இந்தப் பிரச்னை வரும்.

கடைசியா ஒரு சோதனை. குழந்தையே நாற்காலியைத் தூக்கி நகர்த்திப் போட முடியுதா? முடியலேன்னா அது அந்தக் குழந்தைக்கான நாற்காலி இல்லை.

தூக்கிப் போடுறது ஏன் அவ்வளவு முக்கியம்?

இதுக்கு 1907-க்குப் போகணும். அந்த வருஷம் ஜனவரி 6-ம் தேதி, இத்தாலியின் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம். யோசிச்சுப் பார்த்தா நம்ம ஓசூர் நிலைமைக்கு ரொம்பத் தூரம் இல்லை.

அந்தக் காலத்துப் பள்ளிகளில் பெஞ்சும் டெஸ்க்கும் தரையோடு பொருத்தப்பட்டிருக்கும். பிள்ளைகள் அசையக் கூடாது என்பதுதான் நோக்கம். மாண்டிசோரி அதை மாற்றி, குழந்தைகளே தூக்கக்கூடிய எடை குறைவான மேசை, நாற்காலிகளைச் செய்யச் சொன்னார். 'இடிச்சா விழுந்துடுமே' என்ற கேள்விக்கு அவர் தரப்பில் பதில் ரொம்ப எளிமை. விழட்டும். நாற்காலி சத்தமாக விழுந்தா, தன் அசைவைச் சரி பண்ணணும்னு குழந்தைக்கே புரியும்.

இதே மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப் போர் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்தபோது, கொடைக்கானலிலும் சில வருஷம் இருந்து குழந்தைகளோடு வேலை செய்தார். ஆக, 'சின்னப் பிள்ளைக்குச் சின்ன நாற்காலி' என்ற யோசனை தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை.

நாற்காலியே வேணுமா? தரையில் உட்காரக் கூடாதா?

தாராளமாக உட்காரலாம். சம்மணம் போட்டு உட்காருவது நம்ம பிள்ளைகளுக்குப் பழகின விஷயம். 'தரையில் உட்கார வைக்கிறாங்க' என்றாலே வசதியில்லாத பள்ளி என்று நினைக்க வேண்டியதில்லை.

நல்ல உதாரணம் நம்மகிட்டயே இருக்கு. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல் முறையில், பிள்ளைகள் பாய் விரிச்சுக் குழுக்குழுவாக உட்கார்ந்து படிச்சாங்க. ஆசிரியரும் அவங்களோடு தரையில். சுவரின் கீழ்ப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுற்றிலும் கரும்பலகை. அந்தக் கீழ்மட்டக் கரும்பலகையை இன்னைக்கும் பல அரசுப் பள்ளிகளில் பார்க்கலாம். குழந்தைக்கான வகுப்பறைப் பொருட்களில் இது ரொம்பச் சிக்கனமானது, ரொம்ப உருப்படியானதும் கூட.

ஆனா ஓசூருக்கு ஒரு எச்சரிக்கை. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர் இது. மார்கழி, தை மாசக் காலை நேரத்தில் சிமென்ட் தரையும் கிரானைட் தரையும் ஜில்லுன்னு இருக்கும். வெறும் தரையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பாய் மட்டும் போதாது. கெட்டியான ஜமுக்காளமோ, துடைக்கக்கூடிய ஃபோம் பாயோ வேணும். ஃபோம் பாயை வாரத்துக்கு ஒருநாள் எடுத்து, அடியில் ஈரம் தங்கியிருக்கான்னு பார்த்துக் காய வைக்கணும்.

தரையில் உட்கார்ந்து எழுத 20 - 25 செ.மீ. உயரத்தில் சின்ன மணை மேசைகள் இருந்தா, பிள்ளைகள் குனிஞ்சு படுத்து எழுத வேண்டியிருக்காது.

இடம் போதுமா? ஒரு சின்னக் கணக்கு

20 அடிக்கு 15 அடி அறைன்னு வச்சுக்குவோம். மொத்தம் 300 சதுர அடி. 25 குழந்தைகள்.

4 அடிக்கு 2 அடி மேசை ஒண்ணுக்கு நாலு பேர். ரெண்டு பக்கமும் நாற்காலி போட்டு எழுந்து நகர 2 அடி விட்டா, ஒரு மேசைக்கு 24 சதுர அடி போகும். 25 பேருக்கு 7 மேசை. 7 x 24 = 168 சதுர அடி. பாதிக்கும் மேல் போச்சு! மிச்சத்தில் அலமாரி, ஆசிரியர் இடம், நடைபாதை. ஓடி ஆட, பாட்டுப் பாட, வட்டமாக உட்கார இடமே இருக்காது.

அங்கன்வாடியில் பிரச்னை இன்னும் கூடுதல். படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாமே அதே அறைதான்.

தீர்வு சுலபம். எல்லாக் குழந்தையும் ஒரே நேரத்தில் மேசையில் உட்காரணும்னு அவசியமில்லை. 3 மேசை, 12 நாற்காலி, மிச்சப் பேருக்குப் பாய். ஒரு குழு வரையும்போது இன்னொரு குழு கட்டைகளை அடுக்கட்டும், அப்புறம் மாறிக்கட்டும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வைக்கும் நாற்காலி, மடக்கும் மேசை என்றால் மதியத் தூக்கத்துக்கு அறை காலியாகிடும். மிச்சமாகும் பணத்தில் புத்தக அலமாரி வாங்கலாம்.

'ப' வடிவம் நல்லதா?

2025 ஜூலையில் இது பெரிய செய்தியானது நினைவிருக்கும். 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' மலையாளப் படத்துக்குப் பிறகு கடைசி பெஞ்ச் பற்றிய பேச்சு கிளம்பி, தமிழகப் பள்ளிகளிலும் 'ப' வடிவில் இருக்கைகளைப் போட அறிவுறுத்தல் வந்தது. பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கிட்டே இருக்கணுமே என்று விமர்சனம் எழ, சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது.

மழலையர் வகுப்பில் இந்த விவாதம் கொஞ்சம் வேற. இங்கே கரும்பலகையைப் பார்த்து எழுதும் நேரம் ரொம்பக் கம்மி. முகம் பார்த்துப் பேசும் நேரம்தான் அதிகம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருதுன்னு வெவ்வேறு வீட்டு மொழிகளும், வட மாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் மொழிகளும் ஒரே அறையில் கலக்கும் எல்லைப் பகுதி இது. ஒரே மேசையைச் சுத்தி எதிரெதிரே உட்காரும்போது பிள்ளைகள் ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்து வார்த்தை பழக வாய்ப்பு அதிகம். காலையில் வட்டம், பிறகு குழு, மதியம் காலி இடம் என்று மாத்திக்கணும்னா, தேவை கனமில்லாத பர்னிச்சர் மட்டுமே.

மரமா, பிளாஸ்டிக்கா, இரும்பா?

மரம்: உறுதி, காலையில் ஜில்லுன்னு இருக்காது, பழுது பார்க்கலாம். விளிம்பு உருண்டையாக இருக்கணும், சிலாம்பு இருக்கக் கூடாது.

ஃபைபர் போர்டு, பார்ட்டிகிள் போர்டு: பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கு. குறைவாக வெளியிடும் 'இ1' வகைதானான்னு கேட்டு வாங்குங்க. வாங்கியதும் ஜன்னலைத் திறந்து வச்சு சில நாள் காத்தோட்டமா விடுங்க.

பிளாஸ்டிக்: எடை குறைவு, கழுவுவது சுலபம், அடுக்கலாம். வெயிலில் கிடந்தா நொறுங்கும். கீறல் விழுந்த நாற்காலியை உடனே ஒதுக்கணும், சதையைக் கிள்ளிடும்.

இரும்பு: ரொம்ப நாள் வரும். குழாய் முனைகளில் மூடி இருக்கா, வெல்டிங் பிசிறு தேய்க்கப்பட்டிருக்கான்னு கையால் தடவிப் பாருங்க. கழன்று வரும் சின்ன மூடிகளைக் குழந்தை வாயில் போடும் அபாயமும் இருக்கு.

பெயின்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு 2016-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. அந்த விதியின் பெயரிலேயே இருப்பது போல, அது வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டுக்குத்தான். ஆலைப் பயன்பாட்டுக்கான பெயின்ட் அதில் வராது. தொழிற்சாலைகள் நிறைந்த ஊரில் பட்டறையில் மிச்சமிருக்கும் ஆலைப் பெயின்ட்டைக் குழந்தை நாற்காலிக்கு அடிச்சுவிட வாய்ப்பு இருக்கு. பாதுகாப்பான ஈய அளவுன்னு எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னப் பிள்ளைகள் மேசை விளிம்பைக் கடிக்கும், நக்கும். டப்பாவில் ஈயம் சேர்க்கப்படலேன்னு இருக்கான்னு பார்த்த பிறகே அடிக்கச் சொல்லுங்க.

அலமாரியும் ஆபத்துதான்... கவனம்!

2016-ல் அமெரிக்காவில் ஐகியா நிறுவனம் சுமார் 2.9 கோடி டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெற்றது. காரணம், சுவரோடு பொருத்தாத அலமாரிகள் சாய்ந்து விழுந்து குழந்தைகள் இறந்தது. குழந்தை இழுப்பறையைத் திறந்து படி மாதிரி ஏறும். அலமாரி அப்படியே முன்னாடி சாயும்.

அதனால மழலையர் வகுப்பில் திறந்த அலமாரிகள் பிள்ளைகளின் மார்பு உயரத்துக்கு மேல் போகாம இருக்கட்டும். எல்லாமே சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்கணும். கனமான பொருள் கீழ்த்தட்டில். பழைய இரும்பு பீரோ வகுப்பறைக்கு உள்ளே வேண்டாம்.

வாசல் வழி அதைவிட முக்கியம். 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தாங்க. கூரையும், வெளியேற முடியாத குறுகலான வழியும் அந்தத் துயரத்தில் பேசப்பட்ட காரணங்கள். அந்தப் பாடம் பர்னிச்சர் போடும்போதும் பொருந்தும். கதவுக்கு முன்னாடி மேசை, அடுக்கி வச்ச நாற்காலி, சாக்கு மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. கடைசி மூலையில் உட்காரும் குழந்தையும் எதையும் சுத்தாம நேரா வெளியே ஓட வழி இருக்கணும்.

ஓசூர் பக்கம் இருக்கும் ஒரு பெரிய வசதி

கேட்டலாக்கைப் பார்த்துத்தான் வாங்கணும்னு இல்லை. குழாய் வளைக்க, வெல்டிங் வைக்க, பவுடர் கோட்டிங் போட இந்தப் பகுதியில் பட்டறைகளுக்குப் பஞ்சமே கிடையாது. அளவு எழுதிக் கொடுத்தா செஞ்சு தருவாங்க. ஆர்டர் தாளில் 'குழந்தைகள் நாற்காலி - 30' என்று மட்டும் எழுதாதீங்க. சீட் உயரம், மேசை உயரம், முனை மூடி, பெயின்ட் வகை எல்லாத்தையும் எழுதுங்க. முதலில் ரெண்டே ரெண்டு மாதிரி செய்யச் சொல்லி, நிஜமான குழந்தைகளை உட்கார வச்சுப் பார்த்துட்டு மிச்சத்தைச் சொல்லுங்க.

சமூகப் பொறுப்பு நிதி தரும் நிறுவனங்களுக்கும் இதே வேண்டுகோள். தொழிற்சாலையில் ஒரு போல்ட்டின் அளவு மில்லிமீட்டர் பிசகினாலும் திருப்பி அனுப்புவீங்க. அதே கவனம் நாற்காலிக்கும் வரட்டும்.

ஆசிரியரை மறந்துடாதீங்க. நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிரும் அங்கன்வாடிப் பணியாளருக்கு முதுகும் முழங்காலும் வலிக்கும். பிள்ளைகளோடு கண்ணுக்குக் கண் பேசும் உயரத்தில் அவருக்கும் உறுதியான ஒரு ஸ்டூல் கணக்கில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வரும் குழந்தை இருந்தா, ஒரு மேசையாவது அந்தச் சக்கர நாற்காலி நுழையும் உயரத்தில் வேணும்.

பெற்றோர் யார்கிட்ட கேட்கலாம்?

அரசுப் பள்ளி: கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. உறுப்பினர்களில் பெரும்பகுதி பெற்றோர்தான். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் பர்னிச்சர் தேவையை அளவோடு சேர்த்து எழுதச் சொல்லலாம்.

அங்கன்வாடி: 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டது. பக்கத்திலேயே பெரிய வகுப்பு இருப்பதால், அங்கே மிச்சமான பெஞ்சைச் சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கிப் போடுவது சுலபம். அப்படி நடந்தா மையப் பணியாளரிடமும், கிராம சபையிலும் சொல்லலாம்.

கம்பெனி காப்பகம்: 50 பேர் அல்லது அதுக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேணும் என்ற விதியை மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டு வந்தது. தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கவும் அதில் உரிமை உண்டு. போகும்போது குழந்தையை மட்டும் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் நாற்காலியையும் பாருங்க.

தனியார் பள்ளி: அட்மிஷனுக்கு முன் வகுப்பறையைக் காட்டச் சொல்லுங்க. ஏசி, ஸ்மார்ட் போர்டைப் பார்த்துட்டு வந்துடாதீங்க.

சுருக்கமாக 6 கேள்விகள்

1. உட்கார்ந்ததும் ரெண்டு பாதமும் தரையில் பதியுதா?
2. குழந்தையே நாற்காலியைத் தூக்க முடியுதா?
3. ஒரே அறையில் குறைஞ்சது ரெண்டு அளவு இருக்கா?
4. ஓடி விளையாட அறையில் பாதி இடமாவது காலியா இருக்கா?
5. அலமாரி சுவரோடு பொருத்தியிருக்கா, பெயின்ட் ஈயம் இல்லாததா?
6. வாசல் வரை நேர் வழி இருக்கா?

ஆறுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தா நிம்மதியா ஷிஃப்ட்டுக்குக் கிளம்பலாம். ஒண்ணுக்கு 'இல்லை' என்றாலும் கேளுங்க. கேட்கத் தெரியாத வயசில் இருப்பது குழந்தைதான், நாம இல்லை.